வெயில் தாங்கும் தோல், தோலைத் தாங்கும் சோறு

மழை பொய்த்த கோடையில் மலையடிவாரத்து மாடுகள் உண்ணிச்செடியைக் கடிக்கத் தொடங்கும். வேறு பச்சை இருக்கும்வரை எந்த மாடும் அதன் பக்கம் போகாது. புல் காய்ந்து, தீவனமும் தீர்ந்து, பசி முற்றினால்தான் வாய் வைக்கும். சில நாட்களில் அந்த மாடு தீனி எடுப்பதை நிறுத்திவிடும். சாணம் இறுகும். கண்ணின் வெள்ளை மஞ்சளாகும். நிழலை விட்டு வெளியே வர மறுக்கும். பிறகு தோல் வெடித்து உரியத் தொடங்கும். கருப்பும் வெள்ளையும் கலந்த மாடாக இருந்தால், வெள்ளைத் திட்டுகள் மட்டும் வெந்து உரிந்திருக்கும். ஒட்டினாற்போலிருக்கும் கருப்புத் திட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

உண்ணிச்செடி நம் ஊர்ச் செடி அல்ல. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. 1809 வாக்கில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்து, இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டின் தரையை அடைத்து நிற்கிறது. அதன் இலையிலுள்ள லாண்டடீன் என்ற நஞ்சு மாட்டின் கல்லீரலைக் கெடுத்து, பித்தம் வடிவதைத் தடுத்துவிடும். மாடு தின்னும் பச்சைத் தீவனத்தின் பச்சையத்தை அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் உடைத்து ஃபில்லோஎரித்ரின் என்ற நிறமியாக மாற்றுவது வழக்கம். நல்ல கல்லீரல் அந்த நிறமியைப் பித்தத்தோடு வெளியே அனுப்பிவிடும். கெட்ட கல்லீரலால் அது முடியாது. நிறமி ரத்தத்தில் ஏறி தோலுக்கு வந்து சேரும். அங்கே வெயில் பட்டதும் ஒளியின் ஆற்றலை வாங்கி ஆக்சிஜனிடம் கொடுத்து, சுற்றியுள்ள திசுவைப் பொசுக்கும். கருப்புத் திட்டில் மெலனின் ஒளியை மறித்துக்கொள்வதால் அந்த இடம் தப்பிக்கிறது.

மாடு அதே மாடு. வெயிலும் போன மாதம் அடித்த அதே வெயில்தான். மாறியது தீனி மட்டும்.

மனிதத் தோலுக்கும் இது பொருந்துமா என்று கேட்டால், பொருந்தும் என்று தயங்காமல் சொல்வேன். எந்த அளவுக்கு என்று கேட்டால் மட்டும் நிதானித்துத்தான் சொல்ல வேண்டும். இந்த நிதானம் இல்லாததால்தான், "இந்த ஜூஸைக் குடியுங்கள், வெயில் உங்களை ஒன்றும் செய்யாது" என்ற வகைப் பேச்சுகள் பெருகிக் கிடக்கின்றன. அவற்றைச் சோதித்துப் பார்க்க நமக்கு ஒரு பழைய நோயின் கதை வேண்டும்.

1735-இல் வடக்கு ஸ்பெயினின் அஸ்துரியாஸ் பகுதியில் காஸ்பர் காசால் என்ற மருத்துவர் ஏழைக் குடியானவர்களிடம் ஒரு நோயைக் கண்டார். புறங்கையிலும் பாதத்தின் மேற்புறத்திலும் தோல் சிவந்து, தடித்து, கருத்து, பொருக்குத் தட்டி உரிந்தது. கழுத்தைச் சுற்றி மாலை போட்டாற்போல ஒரு பட்டை. மருத்துவ நூல்கள் இன்றும் அதைக் "காசால் கழுத்தணி" என்றே அழைக்கின்றன. சட்டைக்கும் துணிக்கும் வெளியே இருந்த இடங்களில்தான் நோய் பற்றியது. குளிர்காலம் முடிந்து வசந்தம் பிறக்கும்போது வந்தது. ஆண்டுதோறும் அதே பருவத்தில் திரும்பி வந்தது. ஊர் மக்கள் அதை ரோஜா நோய் என்றார்கள். அந்தக் குடியானவர்கள் பெரும்பாலும் மக்காச்சோளத்தை உண்டு வாழ்ந்தவர்கள் என்பதையும், இறைச்சி அவர்களுக்கு அரிதாகவே கிடைத்தது என்பதையும் காசால் குறித்துவைத்தார். அவர் எழுதியது அவர் இறந்த பிறகு, 1762-இல்தான் அச்சேறியது.

வடக்கு இத்தாலியிலும் இதே நோய் பரவியது. 1771-இல் ஃப்ராப்போலி என்ற மருத்துவர், அங்குள்ள மக்கள் வழங்கிய பெயரையே எடுத்துப் பதிவு செய்தார்: பெலாக்ரா. சொரசொரப்பான தோல் என்று பொருள். சூரிய நோய் என்ற இன்னொரு பெயரும் அதற்கு இருந்தது. வெயிலில் வேலை செய்பவர்களுக்கு, வெயில் பட்ட இடத்தில், வெயில் ஏறும் பருவத்தில் வருகிற நோயை வேறு எப்படி அழைப்பார்கள்? ஆனால் அதே ஊரில் பண்ணை முதலாளியும் வெயிலில் நடமாடினார். அவர் கை உரியவில்லை.

மக்காச்சோளத்தின் தாயகம் மெக்சிகோ. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதைத் தின்று வந்தவர்களுக்கு இந்த நோய் பெரிதாக வந்ததில்லை. காரணம் அவர்களுடைய அடுப்படியில் இருந்தது. தானியத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி, பிறகே அரைத்தார்கள். மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் இருக்கிறது. ஆனால் நம் குடலால் பிரித்தெடுக்க முடியாதபடி வேறு பொருள்களோடு கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பின் காரம் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. கப்பலேறி ஐரோப்பா வந்தது தானியம் மட்டும்தான். சுண்ணாம்புப் பானையைக் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. சமையல் பக்குவத்தைப் பெண்களின் சில்லறை விஷயமாக எண்ணி ஒதுக்கியதற்கு ஒரு கண்டம் கொடுத்த விலை இது என்றே நான் நினைக்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்கள் இதே விலையைக் கொடுத்தன. பருத்திக் காட்டில் குத்தகைக்கு உழைத்த குடும்பங்களும் நூற்பாலைத் தொழிலாளர்களும் உண்டது மக்காச்சோள மாவு, பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு. 1906-க்கும் 1940-க்கும் இடையே அங்கே ஏறக்குறைய 30 லட்சம் பேரை பெலாக்ரா பிடித்தது; சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். தோலோடு நோய் நிற்பதில்லை. வயிறு கழியும், மனம் பேதலிக்கும், கடைசியில் உயிர் போகும்.

1914-இல் அமெரிக்க அரசு, ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவரை இதை ஆராய அனுப்பியது. தொற்றுநோய் என்றுதான் பெரும்பாலான மருத்துவர்கள் நம்பியிருந்தார்கள். கோல்ட்பெர்கர் அநாதை இல்லங்களுக்கும் மனநல விடுதிகளுக்கும் போனார். உள்ளே இருப்பவர்களுக்கு நோய். அவர்களைத் தொட்டுக் கழுவிப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களுக்கு இல்லை. எந்தக் கிருமி அப்படி ஆள் பார்த்துப் பற்றும்? மிசிசிப்பியில் ஓர் அநாதை இல்லத்தில் மிகச் சிறு பிள்ளைகளுக்குப் பால் கிடைத்தது. வேலை செய்யக்கூடிய பெரிய பிள்ளைகளுக்கு இறைச்சி கிடைத்தது. இரண்டும் கிடைக்காத, ஏறத்தாழ ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம்தான் நோய் குவிந்திருந்தது. பால், முட்டை, இறைச்சி, பயறு கொடுக்கச் செய்தார். நோய் விலகியது.

எதிர்த்தரப்பு மசியவில்லை. 1915-இல் மிசிசிப்பிச் சிறைப் பண்ணை ஒன்றில், ஆளுநர் மன்னிப்பு தருவதாக உறுதியளித்ததன் பேரில் முன்வந்த கைதிகளுக்கு மக்காச்சோளம் மிகுந்த ஏழைச் சாப்பாட்டை மாதக்கணக்கில் கொடுத்தார். பதினொரு பேரில் ஆறு பேருக்கு நோய் கண்டது. அப்போதும் நம்பாதவர்களுக்காக, 1916-இல் அவரும் அவர் மனைவி மேரியும் சக மருத்துவர்களும் நோயாளிகளின் ரத்தத்தை ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள். கோல்ட்பெர்கரும் சக மருத்துவர்களும் உரிந்த தோலின் பொருக்கை மாவில் உருட்டி விழுங்கவும் செய்தார்கள். ஒருவருக்கும் பெலாக்ரா வரவில்லை. கைதிகளை அப்படிச் சோதிப்பதை இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனால் தன் உடலையும் அதே தராசில் வைத்த மனிதர் அவர். குறைந்துபோன பொருள் எது என்று தெரியாமலே 1929-இல் கோல்ட்பெர்கர் இறந்தார். 1937-இல் விஸ்கான்சினில் கான்ராட் எல்விஹெம், நாய்களுக்கு வரும் கருநாக்கு நோயை நிகோடினிக் அமிலத்தால் குணப்படுத்தி அதைக் கண்டுபிடித்தார். அந்த அமிலமே நியாசின்.

சரி, ஒரு வைட்டமின் குறைந்தால் வெயில் ஏன் சுட வேண்டும்?

வெயிலின் புற ஊதாக் கதிர் தோல் செல்லின் டி.என்.ஏ.வில் படும்போது, ஏணிப்படி போன்ற அதன் அடுக்கில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இது எல்லோருக்கும், வெளியே நடக்கும் ஒவ்வொரு பகலிலும் நடக்கிறது. தோல் பிழைத்திருப்பது அடி படாததால் அல்ல, பட்ட அடியை உடனுக்குடன் சரிசெய்வதால். ஒட்டிய துண்டை வெட்டி, புதுத் துண்டு வைத்து, தைக்க வேண்டும். இந்த வேலைக்கு ஆற்றல் வேண்டும். செல்லுக்குள் ஆற்றல் கைமாறுவது என்.ஏ.டி. என்ற மூலக்கூறின் வழியாக. சேதம் நேர்ந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் நொதி ஒன்று அதே என்.ஏ.டி.யைச் செலவழித்துத்தான் வேலை செய்கிறது. அந்த என்.ஏ.டி.யை உடல் செய்வது நியாசினிலிருந்து. இல்லாவிட்டால் புரதத்திலுள்ள டிரிப்டோஃபானிலிருந்து. 60 மில்லிகிராம் டிரிப்டோஃபான் சேர்ந்தால் ஒரு மில்லிகிராம் நியாசினுக்கு ஈடு. மக்காச்சோளத்தில் நியாசின் கட்டுண்டு கிடக்கிறது, டிரிப்டோஃபானும் சொற்பம். குளிர்காலம் முழுக்க அதையே தின்ற குடியானவரின் தோலில் பழுதுபார்க்கும் கொத்தனார்கள் இருந்தார்கள், கலவை இல்லை. வசந்தத்து வெயில் ஏறியதும் சுவர் உதிர்ந்தது.

இந்தக் கதையில் நமக்கும் ஓர் இடம் உண்டு. தக்காணத்தில், ஐதராபாத்தைச் சுற்றிய ஊர்களில், மக்காச்சோளமே தின்னாத ஏழைகளிடம் பெலாக்ரா இருந்தது. அவர்கள் தின்றது சோளம், அதாவது நம் பழைய வெள்ளைச் சோளம். சோளத்தின் நியாசின் மக்காச்சோளத்தினுடையது போலக் கட்டுண்டதல்ல என்று அப்போது கருதப்பட்டதால் இது புதிராக இருந்தது. அதை எடுத்து ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். குன்னூரில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிவைத்த சிறிய ஆய்வுக்கூடம் வளர்ந்து, பின்னர் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அங்கிருந்து கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள்: சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்ற அமினோ அமிலம், டிரிப்டோஃபான் நியாசினாக மாறும் வழியில் குறுக்கிடுகிறது. பிற்கால ஆய்வாளர்கள் அனைவரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் ஒரே சத்தின் அளவை மட்டும் பார்க்காமல், சத்துகள் ஒன்றையொன்று எப்படித் தள்ளுகின்றன என்று பார்க்க வைத்தது அந்த விளக்கம். சோளம் கெட்ட தானியம் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். பருப்போடும் மோரோடும் கீரையோடும் சோளம் உண்டவருக்கு நோய் வரவில்லை. சோளம் மட்டுமே உண்ண வேண்டியிருந்தவருக்கு வந்தது.

இது குறைபாட்டின் கதை. குறை இல்லாதவர் மேலும் நன்றாகச் சாப்பிட்டால் தோலின் தாங்கும் திறன் கூடுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் செடியிடமிருந்து தொடங்கினார்கள்.

செடியால் நிழலுக்கு ஒதுங்க முடியாது. பகல் முழுக்க வெயிலில் நின்றபடி அந்த ஒளியையே உண்கிறது. பச்சையம் வாங்கும் ஆற்றலில் மிஞ்சியது ஆக்சிஜனோடு சேர்ந்து இலையையே எரித்துவிடக்கூடும். இதைத் தணிக்கவே இலைக்குள் மஞ்சளும் ஆரஞ்சுமான கரோட்டினாய்டு நிறமிகள் இருக்கின்றன. 1950-களில் இந்த நிறமியை இழந்த பாக்டீரியாக்களை வெளிச்சத்தில் வைத்தபோது அவை மடிந்தன. நிறமி உள்ளவை பிழைத்தன. அந்த ஆய்வுகளில் ஈடுபட்ட மிஷலின் மேத்யூஸ்-ராத், பின்னாளில் இதை மனிதருக்குப் பொருத்திப் பார்த்தார். போர்ஃபிரியா என்ற பரம்பரை நோயில் ஒரு வகை உண்டு. அதில் போர்ஃபிரின் என்ற பொருள் ரத்தத்தில் தேங்கி, சில நிமிட வெயிலிலேயே தோல் எரியும். உண்ணிச்செடி தின்ற மாட்டுக்கு நேர்ந்ததற்கு மிக நெருங்கிய நிலை அது. அந்த நோயாளிகளுக்கு அவர் பீட்டா-கரோட்டின் கொடுத்தார். 1970-இல் முதல் முடிவுகளை வெளியிட்டார். 1975-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு ஒப்புதல் தந்தது.

ஆரோக்கியமானவரிடம் நடந்த சோதனைகளில் எனக்குப் பிடித்தது ஜெர்மனியில் ஸ்டால், சீஸ் முதலானோர் 2001-இல் வெளியிட்டது. ஒரு குழுவினர் தினமும் 40 கிராம் தக்காளி விழுதை 10 கிராம் ஆலிவ் எண்ணெயோடு சாப்பிட்டார்கள். இன்னொரு குழுவுக்கு எண்ணெய் மட்டும். விழுதின் வழியே நாளொன்றுக்கு சுமார் 16 மில்லிகிராம் லைகோபீன் உள்ளே போனது. தக்காளிக்குச் சிவப்பு தருவது அந்த லைகோபீன்தான். அவ்வப்போது முதுகில் ஒரு சிறு இடத்தில் அளந்த அளவு புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, தோல் எவ்வளவு சிவக்கிறது என்று கருவியால் அளந்தார்கள். நான்காவது வாரத்தில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. பத்தாவது வாரத்தில் தக்காளிக் குழுவினருக்குச் சிவப்பு 40 சதவீதம் குறைவு.

இந்தப் பத்து வாரம் முக்கியம். பீட்டா-கரோட்டின் பற்றிய ஏழு ஆய்வுகளைச் சேர்த்து 2008-இல் அலசியபோதும் இதே கணக்கு வந்தது: குறைந்தது பத்து வாரம் உட்கொண்டால்தான் பலன். நிறமி குடலில் கொழுப்போடு சேர்ந்து உறிஞ்சப்பட வேண்டும். ரத்தத்தில் போய், தோலின் அடியிலிருந்து மேலே ஏறும் செல்களில் மெல்லச் சேர வேண்டும். சுற்றுலாவுக்கு முந்தின வாரம் கேரட் ஜூஸ் குடிப்பதால் ஒன்றும் ஆகாது.

பச்சைத் தக்காளியைவிட விழுதைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. பழுத்த தக்காளியாக இருந்தாலும் அதைப் பச்சையாகத் தின்றால் லைகோபீனில் பெரும்பகுதி செல் சுவருக்குள் அடைபட்டே கிடக்கும். வதக்கி, எண்ணெய் சேர்த்தால் கூடுதலாக வெளியே வரும். அதே ஜெர்மன் ஆய்வாளர்கள் 1997-இல் ஒப்பிட்டபோது, சம அளவு லைகோபீன் தந்தும், விழுதிலிருந்து ரத்தத்தில் ஏறிய உச்ச அளவு பச்சைத் தக்காளியைவிட இரண்டரை மடங்கு இருந்தது. நம் வீட்டுத் தக்காளித் தொக்கு இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் அளவைக் கவனியுங்கள். 16 மில்லிகிராமுக்கு ஏறக்குறைய 600 கிராம் தக்காளியைச் சுண்ட வைக்க வேண்டும், அதுவும் ஒருவருக்கு, தினமும். அத்தனையும் செய்தாலும் கிடைக்கும் காப்பு, எஸ்.பி.எஃப். என்ற வெயில்காப்புக் கணக்கில் இரண்டைத் தொடாது. கடையில் விற்கும் சாதாரணச் சன்ஸ்கிரீன் 15, 30 என்று தொடங்குகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. சன்ஸ்கிரீன் பூசிய இடத்தில், பூசிய நேரத்துக்கு மட்டும் நிற்கும். உணவு தருவது சிறிய காப்பு; ஆனால் உடல் முழுவதற்கும், இரவும் பகலும்.

மற்ற உணவுகளுக்கும் இத்தகைய சோதனைகள் உண்டு. ஃபிளவனால் என்ற தாவரப் பொருள் மிகுந்த கோகோவை 12 வாரம் குடித்த பெண்களிடம் தோலின் சிவப்பு 25 சதவீதம் குறைந்தது என்று 2006-இல் ஒரு ஜெர்மன் ஆய்வு சொன்னது. அது கசப்பான, ஃபிளவனால் கெடாமல் பதப்படுத்திய கோகோ; கடைச் சாக்லேட் அல்ல. பச்சைத் தேயிலையில் சில ஆய்வுகள் பலன் கண்டன, சில காணவில்லை.

எண்ணெயின் கதை இன்னும் சிக்கல். லிவர்பூலில் லெஸ்லி ரோட்ஸ் குழுவினர் 1994-இல் தினமும் 10 கிராம் மீன் எண்ணெய் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில், தோல் சிவக்கத் தேவைப்பட்ட கதிரின் அளவு இரண்டு மடங்கானது. ஆனால் அதே தோலை எடுத்துப் பார்த்தபோது, ஆக்சிஜனேற்றத்தால் கெட்ட கொழுப்பு முன்பைவிடக் கூடியிருந்தது. சிவப்பு குறைந்ததை மட்டும் வைத்து சேதம் குறைந்ததாகச் சொல்லிவிட முடியாது. ஹூஸ்டனில் ஹோமர் பிளாக் நடத்திய ஆய்வுகளில், மக்காச்சோள எண்ணெய் மிகுந்த தீனி தின்ற எலிகளுக்குப் புற ஊதாக் கதிரால் கட்டிகள் விரைந்து வந்தன. மீன் எண்ணெய் தின்றவற்றுக்குத் தாமதமாயின. அவரே 1994-இல், தோல் புற்று வந்துபோன நோயாளிகள் 76 பேரிடம் கொழுப்பை மொத்தக் கலோரியில் 20 சதவீதமாகக் குறைத்துப் பார்த்தார். புற்றுக்கு முன்னோடியான வெயில் தடிப்புகள் அவர்களிடம் குறைவாகவே தோன்றின. விதை எண்ணெயை நிறுத்தினால் வெயில் சுடாது என்று இன்று உரக்கச் சொல்பவர்கள் எலியின் முடிவை மனிதருக்கு அப்படியே ஏற்றுகிறார்கள். அந்த ஏற்றத்தை நான் ஒப்பவில்லை.

உணவில் இருந்ததை மாத்திரையில் அடைத்தபோது என்ன ஆனது என்பதை இங்கே விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊர். 1992 முதல் 1996 வரை அந்த ஊரைச் சேர்ந்த 1,621 பேரிடம் அடெல் கிரீன் குழுவினர் இரண்டு கேள்விகளைச் சேர்த்துச் சோதித்தார்கள். சிலருக்குத் தினமும் சன்ஸ்கிரீன், சிலருக்குத் தினமும் 30 மில்லிகிராம் பீட்டா-கரோட்டின், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. சன்ஸ்கிரீன் பூசியவர்களிடம் ஸ்குவாமஸ் வகைத் தோல் புற்றுக் கட்டிகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. பீட்டா-கரோட்டின் எதையும் குறைக்கவில்லை. அதற்கு முன்பே, 1990-இல் அமெரிக்காவில் 1,805 நோயாளிகளிடம் ஐந்தாண்டு பார்த்ததிலும் அதே முடிவுதான். இன்னும் மோசமானது பின்லாந்தில் நடந்தது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனையில், பீட்டா-கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியது. 1994-இல் அந்த முடிவு வந்தபோது ஆய்வாளர்களே திகைத்துப்போனார்கள். புகைபிடிப்பவர் எவரும் தோல் பளபளப்புக்காகவோ வெயிலுக்காகவோ பீட்டா-கரோட்டின் மாத்திரை வாங்கக் கூடாது. முருங்கைக்கீரையும் பரங்கிக்காயும் அவருக்குத் தீங்கு செய்வதில்லை. செறிந்த மாத்திரைதான் செய்தது.

மாத்திரைகளில் ஒன்றே ஒன்று தேர்ந்து நின்றது. அது பெலாக்ராவின் மருந்து. சிட்னியில் டயோனா டேமியன் குழுவினர், முந்தைய ஐந்தாண்டுகளில் இரண்டு முறையாவது தோல் புற்று வந்த 386 பேருக்கு, நியாசினின் ஒரு வடிவமான நிகோடினமைடு 500 மில்லிகிராமைத் தினம் இரு வேளை கொடுத்தார்கள். 2015-இல் வெளியான முடிவு: ஓராண்டில் புதிய தோல் புற்றுகள் 23 சதவீதம் குறைவு. நிறுத்தியதும் பலனும் நின்றது. புற ஊதாக் கதிர் பட்ட செல்லில் ஆற்றல் வற்றாமல் காத்து, டி.என்.ஏ. பழுது நீக்கும் வேலைக்கு அது கைகொடுக்கிறது. அஸ்துரியாஸ் குடியானவருக்கு எது இல்லாமல் போனதோ, அதையே உணவில் கிடைப்பதற்கும் மேலான அளவில் சிட்னி நோயாளிக்குக் கொடுத்தார்கள். இது மருத்துவர் பார்த்து, புற்று வந்தவருக்குத் தரும் மருந்து. அழகு மாத்திரை அல்ல.

எதிர்த்திசையில் வேலை செய்யும் தாவரங்களும் உண்டு. சித்த மருத்துவத்தில் வெண்புள்ளிக்குத் தரும் கார்போகரிசியில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. அது டி.என்.ஏ.வின் இடுக்கில் புகுந்து, புற ஊதாக் கதிர் பட்டதும் இறுகப் பிணைந்துகொள்ளும். தோல் வெந்து, பிறகு நிறம் ஏறும். எகிப்தில் நைல் கரையில் விளையும் ஒரு செடியின் விதையையும் இதே நோய்க்குப் பயன்படுத்தினார்கள். 1940-களில் கெய்ரோவில் எல் மோஃப்டி அதன் சாரத்தைப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார். இன்று உலகெங்கும் நடக்கும் சோரலென் ஒளிச் சிகிச்சை அங்கிருந்து கிளைத்தது. இதன் உறவுப் பொருள்கள் எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் உள்ளன. எலுமிச்சை சாப்பிடுவதில் கவலை இல்லை. முகத்தில் எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போவதுதான் ஆபத்து. சாறு வழிந்த தடமெல்லாம் கொப்புளமாகி, மாதக்கணக்கில் கருத்து நிற்கும். முகம் வெளுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுச் செய்த வேலை முகத்தைக் கருக்குகிறது.

இதையெல்லாம் நம் தோலுக்குப் பொருத்தும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன ஐரோப்பியச் சோதனைகளில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் வெளிர் தோலர்கள். சிறிது நேர வெயிலிலேயே சிவந்துபோகிறவர்கள். 1979-இல் அமெரிக்காவில் அளந்தபோது, கருப்புத் தோலின் மேலடுக்கு வழியாகப் புற ஊதா-பி கதிரில் 7.4 சதவீதமே ஊடுருவியது. வெள்ளைத் தோலில் 24 சதவீதம். தமிழரில் பெரும்பாலோர் இந்த இரண்டுக்கும் நடுவே, கருப்புக்கு அருகே இருக்கிறோம். தக்காளியும் கோகோவும் சேர்ந்து தராத காப்பைப் பிறப்பிலேயே மெலனின் நமக்குத் தந்திருக்கிறது. அதைப் போக்க மக்கள் க்ரீம் வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. நம்மைத் துன்புறுத்தும் வெயில் தொல்லைகள் வேறு: மங்கு, முகக் கருமை, கையிலும் கழுத்திலும் வரும் அரிப்புத் தடிப்பு. மங்குக்கு நிழலும் குடையும் சன்ஸ்கிரீனும்தான் முதல் மருந்து.

நம் சமையலறையில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. புழுங்கலரிசி சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடரலாம். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்கள் அரிசிக்குள் இறங்கிக்கொள்வதால், தீட்டிய பச்சரிசியைவிட அதில் நியாசின் அதிகம். 100 கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 12 மில்லிகிராம் நியாசின் இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 14 முதல் 16. பருப்பு, முட்டை, மீன், கீரை, எண்ணெயில் வதக்கிய காய். இவை தினப்படி தட்டில் இருந்தால் தோலுக்கு உணவு செய்யக்கூடியதைச் செய்துவிட்டதாகவே கொள்ளலாம்.

தட்டு காலியாக இருப்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பெலாக்ரா பழைய நூல்களோடு ஒழிந்துவிடவில்லை. குடி முற்றி, சோற்றை மறந்து, சாராயத்திலேயே நாள் கழிப்பவர்களிடம் தோல் மருத்துவர்கள் இன்றும் அதைப் பார்க்கிறார்கள். காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட் மருந்து, டிரிப்டோஃபானிலிருந்து நியாசின் உருவாவதைத் தடுப்பதால், சரியாகச் சாப்பிடாத காசநோயாளியிடமும் அது தலைகாட்டுகிறது. அப்படி ஒருவருக்கு இரண்டு புறங்கைகளிலும் ஒரே மாதிரி, கையுறை மாட்டினாற்போல எல்லை கட்டிக் கருத்து உரிந்தால், கழுத்தில் மாலைபோலப் பட்டை விழுந்தால், "வெயிலில் அலைந்தால் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். வயிற்றுப்போக்கும் மறதியும் சேர்ந்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். காசநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அவரை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சில வாரங்களுக்கு நிகோடினமைடு மாத்திரையும் நல்ல சாப்பாடும்தான் அதற்கு மருந்து. மாத்திரையின் விலை மிகக் குறைவு. எரிச்சல் சில நாட்களிலேயே தணியத் தொடங்கும்.